லியோனிலா பெற்ற பிள்ளை

இப்போதெல்லாம் எவனாவது ஒருவன் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, இன்னார் வீடு எது என்று கேட்டால் போதும், தெருவே விரலை நீட்டுகிறது. வீட்டைக் காட்டுவதோடு நிற்பதும் இல்லை. ஆள் உள்ளே இருக்கிறாளா, மகன் கடலிலிருந்து வந்துவிட்டானா, நேற்று என்ன குழம்பு, எல்லாவற்றையும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். எங்கள் காலத்தில் ஜப்பான்காரன் கேட்டாலும் வரிக்காரன் கேட்டாலும் ஒரே பதில்தான். தெரியாது ஐயா, நான் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. சொந்த அண்ணன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெள்ளை வண்டி வந்தபோது பெட்டிக்கடைக்காரி பாதி உடம்பைக் கம்பிவலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு பசிலிசாவின் வீட்டைக் காட்டினாள். "அந்த நீலக் கதவுதான். கிழவி இப்ப களத்துல மீன் திருப்பிக்கிட்டு இருக்கும்" என்று களத்தையும் காட்டினாள். நான் அடுத்த வீட்டில், என் வாசல் நிழலில் உட்கார்ந்து மூங்கில் பிளந்துகொண்டிருந்தேன். கருவாடு காயப்போடும் தட்டி முடைவது என் வேலை. என்னைக் கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

இறங்கியது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கையில் பழுப்பு உறை. கூட ஓர் ஒல்லி ஆள், கழுத்தில் கேமரா. பசிலிசாவின் மருமகள் வில்மா கை முழுக்கச் செதிலோடு வாசலுக்கு வந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வர்றோம்மா. அத்தைய வீட்ல இருக்கச் சொல்லு. அவங்க மகனையும்" என்றாள் அந்தப் பெண். உறையைக் கொடுத்தாள். போய்விட்டார்கள். கத்தவில்லை, மிரட்டவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வில்மா உறையைப் பிரித்து என்னிடம் வந்து படித்தாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கெட்ட காகிதம் வந்தால் என்னிடம்தான் முதலில் வருவாள். மணிலாவில் கூடைப்பந்துக் கழகம் ஒரு விசாரணைக் குழு வைத்திருக்கிறதாம். டெரல் ஹோல்கம் என்ற ஆட்டக்காரனைப் பெற்ற தாய் லியோனிலா என் மகள்தான் என்று பசிலிசா நான்கு வருஷத்துக்கு முன் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம். அதை விசாரிக்க வருகிறார்களாம். பொய்ச் சத்தியம் என்று தெரிந்தால் சிறைத்தண்டனை உண்டாம்.

"சிறைன்னு எத்தனை இடத்துல போட்டிருக்கு?" என்றேன்.

"ஒரு இடத்துலதான் தியோ."

தியோ என்றால் மாமன். சொந்தம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் ஐம்பது வருஷம் இருந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒரு இடத்துல இருந்தா போதாதா?" என்றேன்.

டெரல் அமெரிக்காவில் பிறந்த கறுப்புப் பையன். ஆறடி ஏழங்குலம். எங்கள் நாட்டுக் கூடைப்பந்தில் வெளிநாட்டான் என்றால் ஓர் அணிக்கு ஒருவன்தான், அதுவும் சில மாதம்தான். அப்பனோ ஆத்தாளோ நம்மவர் என்று காகிதம் காட்டினால் நம்மவனாகவே வருஷம் முழுக்க ஆடலாம். அதனால் அமெரிக்காவில் பிறந்த நெட்டையன்களுக்கெல்லாம் கொஞ்ச காலமாக இங்கே ஆத்தாள் முளைத்துக்கொண்டிருந்தாள். டெரலுக்கு எங்கள் கரையில் முளைத்தாள்.

நான் தட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். களம் என்றால் கூடைப்பந்துக் களம். டெரல் பெயரில் கட்டிக் கொடுத்த சிமெண்டுத் தளம், இரண்டு பக்கமும் கம்பம், கம்பத்தில் வளையம். பகலில் அதில் ஒருவன் பந்து போட்டு நான் பார்த்ததில்லை. இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை சாளைதான் காயும். மணலில் காய்ந்தால் பல்லில் நறநறக்கும். தட்டியில் காய இரண்டு நாள். சிமெண்டில் ஒரே வெயில் போதும். ஊருக்கே அது வசதியாகப் போயிற்று.

பசிலிசா குனிந்து மீன் திருப்பிக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயது. வயிறு பிளந்து உப்புநீரில் ஊறிய சாளையை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடுவாள், கை நிற்காது. தெற்கே வானம் ஈயம் பூசியது மாதிரி இருந்தது. வானொலியில் புயல் என்று சொல்லியிருந்தார்கள்.

"நோங், வண்டி வந்துச்சாமே" என்றாள். அண்ணன் முறையில் மூத்தவனை எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிடுவோம்.

"வந்துச்சு."

"போலீஸா?"

"பொம்பளை. வக்கீலாம்."

"அதுக்குப் போலீஸே பரவாயில்ல" என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வச்சுப் பூட்டுவாங்க? இங்க டவுன்லயா, இல்ல மணிலாவுக்குக் கொண்டுபோவாங்களா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் போயிருக்கேனா?"

"அங்க சோத்துக்கு என்ன குடுப்பாங்க?"

"உன் கருவாடுதான். மழையில நனைஞ்சு நாறினதெல்லாம் வேற எங்க போவுதுன்னு நினைச்ச?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. கையில் ஒரு மீனைப் பிடித்தபடியே கேட்டாள்: "தோண்டுவாங்களா, நோங்?"

நான் வடக்குக் கம்பத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகி வெகு காலம் ஆகிறது.

அதைச் சொல்லிவிடுகிறேன். லியோனிலா பிறந்தது ஐம்பத்தொன்றாம் வருஷத்தில். பசிலிசாவுக்குத் தலைப்பிள்ளை. ஐம்பத்துமூன்றில் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. அந்த நோய் ஒரு வீட்டில் வந்தால் சுகாதாரக்காரன் வாசலில் மஞ்சள் துணி கட்டுவான். நாற்பது நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு மீன் வெளியே போகக்கூடாது. காய்ந்ததைக் கடலில் கொட்டுவான், தட்டியை எரிப்பான். பசிலிசாவின் புருஷன் கவுதென்சியோ அந்த வருஷம் பருவம் முழுவதையும் காயப்போட்டு வைத்திருந்தான். மூட்டை கட்டி அடுக்கியாயிற்று, படகு மறுநாள் வர வேண்டும். பிள்ளை மூன்றாம் நாள் மூச்சு முட்டிச் செத்தது.

கவுதென்சியோ என்னிடம் வந்தான். அழவில்லை. "ஒரு பெட்டி வேணும்" என்றான். சீனன் கடையில் டின் பால் வரும் மரப்பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஏதோ எழுத்து அச்சடித்திருந்தது. என்ன எழுத்தென்று எனக்குத் தெரியாது. பிள்ளையின் மேல் என்னவோ எழுதி வைத்தது மாதிரி இருக்கக்கூடாது என்று பலகையைப் பிரித்து, எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பி ஆணி அடித்தேன். மழை கொட்டிய மத்தியானம், எவனும் வெளியே தலைகாட்டாத நேரத்தில், அவர்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த அவர்களுடைய மணல் திட்டில் இரண்டு பேரும் குழி வெட்டினோம். ஊரில் கேட்டவர்களிடம், பிள்ளையை நெக்ரோஸ் தீவில் இருக்கும் அத்தை வீட்டுக்கு வளர்க்க அனுப்பிவிட்டோம் என்றார்கள். மாதா கோயில் சாமியாரிடமும் சொல்லவில்லை, சர்க்காரிலும் எழுதவில்லை. படகு வந்தது. மூட்டையெல்லாம் போயிற்று.

அந்த மழைக்காலத்தில் அடுத்த கரையில் இரண்டு பிள்ளைகள் அதே நோயில் செத்தன. அந்த மீனால் இல்லை என்று ஐம்பது வருஷமாக நான் பசிலிசாவிடம் சொல்லிவருகிறேன். மீன் எப்படித் தொண்டை நோயைக் கொண்டுபோகும் என்று கேட்பேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

இதெல்லாம் முடிந்துபோன காரியம் என்றிருந்தோம். நான்கு வருஷத்துக்கு முன் ஆட்டக்காரர்களுக்குத் தரகு பார்க்கும் ஒருவன், சர்மியெந்தோ என்று பெயர், கையில் ஒரு காகிதத்தோடு வந்தான். லியோனிலாவின் பிறப்புப் பதிவு. "இது உங்க மகதானே? இறந்ததா பதிவே இல்லையே, எங்க இருக்காங்க?" என்றான். பசிலிசா அவனைச் சுகாதாரக்காரன் என்று நினைத்துவிட்டாள். அத்தனை வருஷம் கழித்து எந்தச் சுகாதாரக்காரன் வருவான்? ஆனால் பயத்துக்கு வருஷக் கணக்கு தெரியாது. "நெக்ரோஸுக்குப் போச்சுங்க, அங்கிருந்து யாரோடயோ எங்கயோ போயிருச்சு" என்று சொல்லிவிட்டாள். சர்மியெந்தோவின் முகம் மலர்ந்துவிட்டது. பிறந்த பதிவு இருந்து, செத்த பதிவு இல்லாமல், எங்கே என்று யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணைத்தான் அவன் மாகாணம் மாகாணமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் மகன் எல்பிடியோ நின்றான். அவன் ஐம்பத்தேழில் பிறந்தவன். தனக்கு ஓர் அக்கா நெக்ரோஸில் வளர்ந்து எங்கோ ஓடிப்போனாள் என்று நம்பியே வளர்ந்தவன். "அக்கா அமெரிக்காவுலயா இருக்கு?" என்று அவன் கேட்டான். ஆமாம் என்றான் சர்மியெந்தோ. எல்பிடியோ உட்கார்ந்து அழுதுவிட்டான். அதற்குப் பிறகு பசிலிசா எப்படி மாற்றிச் சொல்வாள்? கையெழுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டுச் சாட்சிக்கு என்னையும் கேட்டார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பையன் வந்தான், டிவிக்காரர்களோடு. வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டான். பெரியவர்களுக்கு மரியாதையாக நாங்கள் செய்வது போல, பசிலிசாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். ஊருக்கு ஒரு களம் கட்டித் தருகிறேன் என்றான். சர்மியெந்தோ இடம் தேடினான். கரையில் வெறுமையாக இருந்தது அந்த மணல் திட்டு ஒன்றுதான். கவுதென்சியோ உயிரோடு இருந்தவரை அதில் ஒரு கோழிக்கூண்டுகூடப் போட விடவில்லை. அதனால்தான் வெறுமையாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல பசிலிசாவிடம் என்ன காரணம் இருந்தது? சிமெண்டு ஊற்றிய அன்று எல்லோரும் கைதட்டினார்கள். அவள் என் பக்கத்தில் நின்றாள். என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள்.

"தோண்ட மாட்டாங்க. சிமெண்டை யாரு உடைப்பா?" என்றேன் இப்போது.

"அப்படின்னா நாளைக்கு என்ன சொல்ல?"

"போட்டதையே சொல்லு. நெக்ரோஸ், அமெரிக்கா."

"சத்தியம் வாங்குவாங்க நோங். அன்னைக்கே ஒரு சத்தியம் ஆச்சு."

"ஒண்ணுக்கு ரெண்டு."

"உனக்கென்ன, நீ காய்ச்சல்ல படுத்துட்ட" என்றாள்.

சாயங்காலம் எல்பிடியோ கடலிலிருந்து வந்தான். டெரலின் எண் போட்ட பனியனைத்தான் படகிலும் போடுவான். வெளுத்து நூல் தொங்கியது. கடுதாசியை வில்மா படித்தாள். அவன் முருங்கைக்கீரைச் சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"வரட்டுமே. ஒரு கறுப்புப் பையன் நல்லா ஆடினா மணிலாக்காரனுக்குப் பொறுக்காது. பணக்கார வீட்டுப் பையனுக்கு இடம் இல்லாம போவுதுல்ல, அதான்."

"சிறைன்னு போட்டிருக்குடா" என்றேன்.

"போட்டா பயந்துருவோமா? இப்பெல்லாம் ரத்தத்தை எடுத்தே சொல்லிடுறாங்களாம் தியோ. ஒரு சொட்டு என்கிட்ட, ஒரு சொட்டு மருமகன்கிட்ட. அக்கா மகனா இல்லையான்னு மெஷினே சொல்லிடும். நானே குடுக்கறேன்னு சொல்லப்போறேன்."

அடுப்பங்கரையில் ஏதோ விழுந்து உருண்டது. பசிலிசா அதை எடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

மறுநாள் விடிந்தபோதே காற்று மாறியிருந்தது. படகு எதுவும் இறங்கவில்லை. ஆனாலும் வெயில் விட்டு விட்டு வந்ததால் முந்தைய நாள் மீனைக் களத்தில் பரப்பியிருந்தோம். பசிலிசா காலையிலேயே துவரையும் பலாப்பிஞ்சும் போட்டுப் பன்றிக்கறிச் சாறு வைத்துவிட்டாள். கொல்ல வருகிறவனாக இருந்தாலும் வந்த நேரத்தில் சாப்பிடச் சொல்லியே ஆக வேண்டும். உப்பு இரண்டு தடவை போட்டிருந்தாள். வில்மா ருசி பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

பத்து மணிக்குச் சரியாக வந்தார்கள். பெண்ணின் பெயர் லுமாந்தாஸ். நம் பேச்சுதான் பேசினாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கடைசியில் இழுத்தாள்.

"இழுப்பைப் பார்த்தா நெக்ரோஸ் மாதிரி இருக்கே" என்றேன்.

"ஆமாய்யா, நான் அந்தப் பக்கத்து ஆள்தான்" என்றாள். பசிலிசாவின் கை மேசைக்கு அடியில் போயிற்று.

சாப்பிட்டார்கள். ஒல்லி ஆள் இரண்டு தடவை சோறு வாங்கினான். உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு லுமாந்தாஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"நனாய்" என்றாள். அம்மா என்று அர்த்தம். "உங்க நாத்தனார் ஊருக்கு நான் போன வாரம் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துல பழைய பதிவெல்லாம் பத்திரமா இருக்கு. லியோனிலான்னு ஒரு பிள்ளை படிக்கவே இல்ல. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்துலயும் இல்ல. அந்த வீட்டுக்குப் பக்கத்துல தொண்ணூறு வயசு ஆள் ஒருத்தர் இருக்கார். அந்த வீட்ல வளர்ப்புப் பிள்ளையே கிடையாதுங்கறார்."

"தொண்ணூறு வயசுல என்ன ஞாபகம் இருக்கும்?" என்றான் எல்பிடியோ. "ரத்தம் எடுங்க. நான் குடுக்கறேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. "டிவியில நீங்க பேசினதைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன் நனாய். அந்தப் பையன் கேட்டான், எங்கம்மா சின்ன வயசுல எப்படி இருந்தாங்கன்னு. நீங்க சொன்னீங்க, வாழைப்பழத்தை நசுக்கித் தலையில பூசிக்கும்னு. கோழியைத் துரத்திட்டு விழும்னு. தூக்கத்துல என் காதைப் பிடிச்சுக்கும்னு." காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அதுக்கப்புறம் ஒண்ணுமே சொல்லலையே. பல்லு விழுந்தது, பள்ளிக்கூடம் போனது, சண்டை போட்டது, எதுவும் இல்ல. ரெண்டு வயசோட நிக்குது."

வெளியே தகரத்தில் காற்று படபடத்தது. பசிலிசாவுக்கு உதடு மட்டும் அசைந்தது. நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், சொல்லாதே என்று. லுமாந்தாஸ் அதையும் பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா சொல்லட்டும்" என்றான் எல்பிடியோ. "சொல்லும்மா. நான் இருக்கேன்ல? அக்கா பேசின டேப்பு எங்கன்னு அந்த சர்மியெந்தோகிட்ட கேளுங்க மேடம். அனுப்பறேன்னு சொன்னான். அவன் குடுத்த விலாசத்துக்கு நான் அக்காவுக்கு ஆறு கடுதாசி போட்டிருக்கேன்."

"ஆறா?" என்றாள் பசிலிசா.

"ஆறு. பதில் வரல. விலாசம் மாறியிருக்கும்."

அவள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை, வக்கீல் சொன்னதும் ஏறவில்லை. இந்த ஆறு ஏறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"போடாதடா" என்றாள். "அவ இல்ல. ஐம்பத்துமூணுலயே செத்துட்டா. தொண்டை அடைப்பான். உங்கப்பாவும் நோங்கும்தான் புதைச்சாங்க. அந்தத் திட்டுலதான் இருக்கா. களத்துக்கு அடியில." பிறகு வக்கீல் பக்கம் திரும்பி, நின்றால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பது போல வேகமாகச் சொன்னாள். "மீனை வித்துட்டோம்மா. வீட்ல நோய் இருக்கும்போதே வித்துட்டோம். அடுத்த கரையில ரெண்டு பிள்ளை போச்சு. அது யாரு பிள்ளைன்னுகூட நான் கேக்கல. அதுக்கு என்ன தண்டனையோ அதையும் சேர்த்து எழுதிக்குங்க."

ஒல்லி ஆள் கேமராவைத் தொடவில்லை. அதை அவன் கணக்கில் நல்லதாக வைக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. களத்தில் மீன் கிடக்கிறது. வில்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எல்பிடியோவும் எழுந்து ஓடினான். நானும் பின்னால் போனேன். நாலு திசையிலிருந்தும் ஆட்கள் வந்து அவரவர் வரிசையை வாரிக்கொண்டிருந்தார்கள். எல்பிடியோ தெற்குப் பக்கமிருந்து வாரிக்கொண்டே வந்தவன் நடுக்கோட்டில் நின்றுவிட்டான். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"எந்த இடம் தியோ?" என்றான். சத்தம் போடவில்லை.

நான் காட்டினேன். வடக்குக் கம்பத்திலிருந்து ஆறு எட்டு வைத்து, கடல் பக்கமாக இரண்டு. ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கையை நீட்டினேன். அவன் அங்கே போய் முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்த இடத்து மீனை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தான். மழை வலுத்துவிட்டது. மீதி அவ்வளவும் நனைந்துபோயிற்று. யாரும் அவனை ஏசவில்லை, அவன் வாராமல் விட்ட வரிசைகளில் அவர்களுடைய மீனும் கிடந்தது என்றபோதும்.

திரும்பி வந்தபோது லுமாந்தாஸ் எழுதி முடித்திருந்தாள். பசிலிசா கையெழுத்துப் போட்டிருந்தாள். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

"ஐயா, நீங்க சாட்சி. பெருவிரல் வைங்க" என்றாள் என்னிடம்.

"வாயால சொல்றேன். விரல் வைக்க மாட்டேன்."

"வாயால சொன்னது மணிலாவுல செல்லாது. இந்த அம்மா பேச்சு ஒண்ணு மட்டும் இருந்தா, எதிர்த்தரப்பு வக்கீல் இல்லன்னுவான். வேற ஆதாரம் எங்கன்னு கேட்பான்."

"வேற ஆதாரம்னா?"

அவள் ஜன்னல் வழியாகக் களத்தைப் பார்த்தாள். பசிலிசா என் சட்டையைப் பிடித்தாள், அன்று பிடித்த மாதிரியே.

"படி" என்றேன். லுமாந்தாஸ் படித்தாள். "இன்னொரு தடவை." படித்தாள். "இப்ப நீ அங்க போய் நில்லு" என்று அவளை வாசலுக்கு அனுப்பிவிட்டு வில்மாவைக் கூப்பிட்டு அதே காகிதத்தைப் படிக்கச் சொன்னேன். இரண்டு பேர் படித்ததும் ஒன்றாகத்தான் இருந்தது. பெட்டி, மழை, திட்டு, எல்லாம் இருந்தது.

"தோண்ட மாட்டோம்னு இதுல எங்க இருக்கு?"

"அதை எழுத வேண்டியதில்லைய்யா. நான் சொல்றேனே" என்றாள் வாசலிலிருந்து.

"இப்பதானே சொன்ன, வாயால சொன்னது செல்லாதுன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "எழுபத்திரண்டு வயசு அம்மாவை யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. எங்களுக்கு வேண்டியது தரகன்தான். பிள்ளையைப் புதைச்சது, மீன் வித்தது, இதெல்லாம் இனிமே எந்தச் சட்டத்துலயும் நிக்காது. பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு வந்து எதையெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போரின்போது அப்படிச் சொல்லித்தான் என் அப்பாவைக் கூட்டிப்போனார்கள். ஆனாலும் மையில் விரலை அழுத்தினேன். வைத்துவிட்டு உடனே துடைத்துக்கொண்டேன். நகத்தின் ஓரத்தில் மூன்று நாள் இருந்தது.

பிறகு டிவியில் காட்டினார்கள். அந்த வருஷம் ஐந்தாறு ஆட்டக்காரர்களை நிறுத்தினார்கள். டெரலும் அதில் ஒருவன். விமான நிலையத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போனான். சர்மியெந்தோ எங்கே என்று தெரியவில்லை என்றார்கள். எல்பிடியோ பனியனை எரிக்கவும் இல்லை, போடவும் இல்லை. வலைக்கு அடியில் திணித்து வைத்திருக்கிறான். ஊர்த்தலைவன் களத்துப் பலகையில் இருந்த பெயரைச் சுண்ணாம்பால் அடித்துவிட்டான். மீன் மட்டும் எப்போதும் போல் காய்கிறது.

"அந்தப் பையனுக்குத் தெரிஞ்சிருக்காது நோங்" என்றாள் பசிலிசா ஒருநாள். "அவனையும் ஏமாத்தியிருப்பாங்க. என் கையைக் கன்னத்துல வச்சுக்கிட்டானே."

"தெரிஞ்சிருக்கும்."

"உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்."

"ஒருத்தன் மேலயாவது தப்பா சந்தேகப்பட்டிருக்கேனா, சொல்லு."

அவள் யோசித்துவிட்டு அடுத்த மீனைப் புரட்டினாள்.

பயம் மட்டும் போகவில்லை. தெருவில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டால் அவள் கை நின்றுவிடும். அந்தக் கை ஐம்பது வருஷத்தில் நின்று நான் பார்த்ததில்லை. ஒரு தடவை ஐஸ் வண்டி வந்ததற்குச் செதில் கத்தியோடு எழுந்து நின்றுவிட்டாள். களத்தில் வெளியூர் ஆள் யாராவது நடந்தால், எத்தனை எட்டு வைக்கிறான் என்று எண்ணிக்கொண்டிருப்பாள். சாளைப் பருவம் முடிந்து நெத்தலி ஆரம்பித்தபோது ஒரு கடுதாசி வந்தது. வில்மா இரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி படித்தாள். விசாரணை முடிந்தது, உங்கள் பேரில் நடவடிக்கை ஏதும் இல்லை, ஒத்துழைப்புக்கு நன்றி. கீழே லுமாந்தாஸின் கையெழுத்து, வட்டமான ஊதா முத்திரை.

அன்று பசிலிசா தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். கடுதாசியை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். நான் அவளுக்காக முடைந்த தட்டியின் ஓரத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சிருச்சாம் நோங்."

"யாரு சொன்னா?"

"இதோ, கடுதாசிலயே போட்டிருக்கு. முத்திரையெல்லாம் இருக்கு பாரு."

வாங்கிப் பார்த்தேன். முத்திரையைப் பெருவிரலால் தேய்த்தேன். மை கொஞ்சம் ஒட்டியது. திருப்பிக் கொடுத்தேன்.

"லியோனிலா உயிரோட இருக்கான்னும் சத்தியக் காகிதத்துலதான் போட்டிருந்துச்சு" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அதைச் சொல்லியிருக்கமாட்டேன். கடைசி முடிச்சைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டேன். தட்டியை அவள் வாசலில் சாத்தி வைத்தேன்.

"அப்ப இன்னும் வருவாங்கங்கறியா?" என்றாள் பின்னாலிருந்து. "நோங், வருவாங்களா மாட்டாங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போயேன்."

நான் மூங்கில் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். தெருமுனையில் ஏதோ ஒரு வண்டி வேகத்தைக் குறைத்தது. பெட்டிக்கடைக்காரி அதற்குள் தலையை வெளியே நீட்டிவிட்டாள்.